பட்டினி கிடக்கும் பேட்டரி: பழைய எம்ஜிபி கார் வைத்திருக்கும் தமிழ் நண்பர்களுக்கு



மார்ச் மாதம் பிறந்தால் போதும், உங்களில் யாராவது ஒருவர் அதே கேள்வியோடு கூப்பிடுவீர்கள்: "அண்ணா, எம்ஜிபிக்கு எந்த பேட்டரி நல்லது?" இப்படிக் கேட்பவர் பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்குள் புது பேட்டரி மாற்றியவராகத்தான் இருக்கிறார். நான் ஒரு கம்பெனி பெயரைச் சொல்வேன், அதை வாங்கிப் போட்டால் தொல்லை விட்டது என்று எதிர்பார்க்கிறீர்கள். பெயர் சொல்லப் போவதில்லை. கடையில் கிடைக்கிற ஓரளவு நல்ல பேட்டரி எதுவானாலும் ஐந்தாறு வருஷம் உழைக்கும். உங்களுடையது அதற்குள் படுத்துவிட்டதென்றால் பெரும்பாலும் சரக்கைக் குறை சொல்ல முடியாது. நீங்கள் அதைப் பட்டினி போட்டிருக்கிறீர்கள்.

ஒவ்வொருவருக்கும் போனில் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் கவென்ட்ரியிலும் லெஸ்டரிலும் லண்டனிலும் இந்த வண்டியை வைத்திருக்கும் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதிவிடுகிறேன்.

நம்மில் பலருக்கு பேட்டரி பற்றிய அறிவு ஊரிலிருந்து வந்தது. சென்னையில் பேட்டரியைக் கொல்வது வெயில். உள்ளே தண்ணீர் வற்றும், தகட்டின் ஈயச் சட்டம் அரித்துப்போகும். அதனால் மாசம் ஒருமுறை மூடியைத் திறந்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினால் பராமரிப்பு முடிந்தது என்றே வளர்ந்தோம். வண்டி தினமும் ஓடும், சார்ஜ் தானாக ஏறிக்கொள்ளும். இங்கே நிலைமை தலைகீழ். ரோட்டில் உப்பு தூவ ஆரம்பித்ததும், நவம்பர் வாக்கில், வண்டியை கராஜில் விட்டுப் பூட்டுகிறோம். மார்ச்சில்தான் திறக்கிறோம். தண்ணீர் ஊற்றிய மட்டத்திலேயே நிற்கும். சார்ஜ்தான் இருக்காது.

சார்ஜ் இறங்கும்போது பேட்டரியின் இரண்டு வகைத் தகடுகளிலும் லெட் சல்பேட் படிகிறது. அது இயல்பான விஷயம். சீக்கிரமே சார்ஜ் ஏற்றினால் மறுபடி ஈயமும் ஆசிட்டுமாகப் பிரிந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் அந்தப் படிகங்கள் பெரிதாகி இறுகிப்போகின்றன. பிறகு எந்த சார்ஜருக்கும் அவை மசிவதில்லை. தகட்டில் அந்த அளவு இடம் செத்ததாகவே கணக்கு. 1859-ல் பிரான்ஸில் காஸ்டன் பிளான்டே ஈய பேட்டரியைச் செய்து காட்டினார். இன்று கடையில் பளபளப்பான ஸ்டிக்கரோடு நிற்பதும் அதே ஈயம், அதே ஆசிட், அதே வியாதி.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்குங்கள். வண்டியை ஓட்டி நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, முடிந்தால் மறுநாள் காலையில், பேட்டரியில் வைத்துப் பாருங்கள். 12.6-லிருந்து 12.7 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. "12 வோல்ட் பேட்டரி 12 காட்டுகிறதே, நல்லாத்தானே இருக்கு" என்று ஒரு நண்பர் சொன்னார். அது காலியாகும் தறுவாயில் இருக்கிறது. 12.4-க்குக் கீழே இறங்கினால் அன்றைக்கே சார்ஜரில் போட்டுவிட வேண்டும். பனிக்காலத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முழு சார்ஜில் இருக்கும் ஆசிட் இங்கே அடிக்கிற எந்தக் குளிருக்கும் உறையாது. இறங்கிப்போன பேட்டரியின் உள்ளே இருப்பது கிட்டத்தட்ட தண்ணீர். பூச்சியத்துக்குக் கீழே பத்து டிகிரியை நெருங்கினாலே உறைந்து பெட்டியை வெடிக்க வைத்துவிடும்.

சும்மா நிற்கிற வண்டியில் சார்ஜ் எங்கே போகிறது? கொஞ்சம் தானாகவே கரையும். மீதியைக் குடிப்பது நாம் மாட்டிய சாமான். எம்ஜிபியில் சாவியை எடுத்த பிறகும் உயிரோடு இருக்கும் வயர்கள் இரண்டு நிறம்தான். பழுப்பு நிறம் ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக வருவது. ஊதா நிறம் ஃபியூஸ் வழியாக ஹாரனுக்கும் உள்விளக்குக்கும் போவது. இது லூகாஸ் கம்பெனியின் நிறக் கணக்கு. சென்னைப் பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் ஆலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பெயர் பழக்கம்தான். ஆபிங்டன் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது, நிறுத்தி வைத்த இந்த வண்டி இழுத்த கரண்ட் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பிறகு ஒவ்வொரு சொந்தக்காரரும் ஒன்று சேர்த்தார்கள்: நினைவு வைத்துக்கொள்ளும் ரேடியோ, அலாரம், திருட்டுக்குப் பயந்து ட்ராக்கர். மூன்றும் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. 50 ஆம்பியர் மணி பேட்டரி மூன்றே வாரத்தில் பாதியாகிவிடும். நவம்பரில் பூட்டினீர்கள், கிறிஸ்துமஸுக்கு முன்பே சல்பேட் இறுக ஆரம்பித்துவிட்டது. எவ்வளவு போகிறது என்று பார்க்க, எர்த் வயரைக் கழற்றி இடையில் மீட்டரை ஆம்பியரில் வைத்தால் போதும். மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பி செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் கசிவு இருந்தால் ஆல்டர்னேட்டரின் டயோடைச் சந்தேகப்படுங்கள்.

இப்போது உங்களில் பாதிப் பேர் பெருமையாகச் சொல்லும் அந்தப் பழக்கத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கராஜுக்குப் போய், வண்டியை ஸ்டார்ட் செய்து, பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்துவிட்டு வருவது. தயவுசெய்து நிறுத்துங்கள். குளிரில் 20டபிள்யூ-50 ஆயில் தேன்பாகு மாதிரி கெட்டியாகிக் கிடக்கும்போது, 1798 சிசி இன்ஜினைச் சுழற்றவே செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. அந்தக் கடனை யார் திருப்பி அடைப்பது? 1967 வரை வந்த வண்டிகளில் இருப்பது லூகாஸ் சி40 டைனமோ. அதன் உச்சமே 22 ஆம்பியர். ஐடிலில் அது தருவது பூச்சியம். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுக்குவதே அதைச் சொல்லத்தான். ஆல்டர்னேட்டர் வண்டி கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் பத்து நிமிஷத்தில் பேட்டரி நிறையாது. கூடவே, சூடேறாத இன்ஜினில் சேரும் ஈரம் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கித் துரு வளர்க்கிறது. ஓட்டுவதென்றால் முழுசாகச் சூடேறி ஒரு மணி நேரமாவது ஓடும்படி ஓட்டுங்கள். இல்லையென்றால் தொடாதீர்கள்.

தொடாமல் விடும் வண்டிக்கு ஸ்மார்ட் சார்ஜர் வேண்டும். பேட்டரிக்குச் செலவழிக்க நினைத்த காசில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்குங்கள். நிறைந்ததும் தானாக 13.2, 13.6 வோல்ட் அளவுக்கு இறங்கி அங்கேயே பிடித்துக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும். அந்தக் காலத்துச் சார்ஜர்கள் நிறைந்த பிறகும் விடாமல் ஏற்றிக்கொண்டே இருக்கும். அவை ஆசிட்டைக் கொதிக்க வைத்துவிடும். இந்த வண்டியில் பேட்டரி இருக்குமிடம் இருக்கைகளுக்குப் பின்னால், கார்பெட்டுக்கு அடியில், திருகு போட்ட தகரப் பலகைக்கும் கீழே. ஒவ்வொரு முறையும் அதைத் தூக்க யாருக்கும் பொறுமை கிடையாது, எனக்கும் இல்லை. ஃபியூஸ் வைத்த ஒரு சிறு வயரை டெர்மினலில் நிரந்தரமாக மாட்டி, நுனியை இருக்கைக்குப் பின்னால் வெளியே எடுத்து வையுங்கள். கராஜில் கரண்ட் இல்லாதவர்கள் எர்த் பக்கம் ஒரு ஐசோலேட்டர் சுவிட்சு வைத்துவிட்டு, மாதம் ஒருமுறை பேட்டரியை வீட்டுக்கு எடுத்துப்போய் சார்ஜ் போடலாம். இன்ஜின் ஓடும்போது மட்டும் அந்தச் சுவிட்சைத் திருப்பாதீர்கள், ஆல்டர்னேட்டர் டயோடு எரிந்துவிடும்.

சரி, பேட்டரி நிஜமாகவே செத்துவிட்டது என்கிறீர்கள். செத்தது பேட்டரிதானா? எம்ஜிபியில் இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் பாடிக்கும் நடுவில் ஒரு பின்னல் எர்த் பட்டை, வண்டிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். அது அரித்துப்போனால் செல்ஃப் மோட்டாரின் கரண்ட் வேறு வழி தேடும். கிடைக்கிற வழி சோக் கேபிளும் ஆக்சிலரேட்டர் கேபிளும். செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் கையைச் சுட்டாலோ புகைந்தாலோ புது பேட்டரி வாங்கப் போகாதீர்கள், புது எர்த் பட்டை வாங்குங்கள். சோதனை எளிது. மீட்டரின் ஒரு முனையை இன்ஜின் பிளாக்கிலும் மறுமுனையை பேட்டரியின் எர்த் முளையிலும் வைத்து, வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ எர்த் சரியில்லை. அதே நேரம் பேட்டரியிலும் அளந்து பாருங்கள்: பத்து வோல்ட்டுக்கு மேல் தாக்குப்பிடித்தால் அது நல்ல பேட்டரி, உங்கள் குற்றவாளி வேறு.

பிறகு இன்ஜினை 3000 சுற்றில் வைத்து அளந்தால் 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். 13-ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜிங் போச்சு. எவ்வளவு விலை கொடுத்து எந்த பேட்டரி வைத்தாலும் ஒரே கதிதான். பிற்கால ஆல்டர்னேட்டர்களில் டாஷ்போர்டின் சிவப்பு பல்பு ஃபியூஸ் ஆனாலே சார்ஜ் துவங்காது, ஏனென்றால் ஆரம்பக் காந்தத்துக்கான கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. சின்ன பல்பு, வாங்கிப் பாருங்கள்.

இனி வாங்கும் விஷயம். 1962-ல் வந்த நாளிலிருந்து 1974 வரை எம்ஜிபியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள், புரொபெல்லர் ஷாஃப்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, தொடராக இணைத்து 12 வோல்ட். ரப்பர் பம்பர் வந்ததோடு ஒரே 12 வோல்ட்டாக மாற்றினார்கள். பழைய அமைப்பில் இரண்டில் ஒன்று பலவீனமானால் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். செல்ஃப் அடிக்கும்போது இரண்டையும் தனித்தனியே அளந்தால் எது நோயாளி என்று தெரிந்துவிடும். ஆனால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். புதியதும் பழையதும் ஒரே தொடரில் ஒத்துப்போவதில்லை.

இரண்டு 6 வோல்ட்டுக்குப் பதில் ஒரு பக்கத்து பேட்டரிப் பெட்டியில் ஒரே 12 வோல்ட் வைக்கலாமா? வைக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு அதுவே நல்லது. நடுவில் ஓடும் இணைப்பு வயரும் கூடுதல் டெர்மினல்களும் மிச்சம், காலியான பெட்டியில் ஸ்பானர் போட்டுக்கொள்ளலாம். செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிள் எந்தப் பெட்டிக்கு எட்டுகிறதோ அதில் வையுங்கள். நான் இன்னும் இரண்டு 6 வோல்ட்டையே வைத்திருக்கிறேன். என் வண்டி 1966 மாடல், அது வந்தபடியே இருக்கட்டும் என்ற பிடிவாதம் தவிர வேறு காரணம் இல்லை.

கடைக்குப் போகும் முன் டேப்பை எடுத்துப் பெட்டியை அளந்துவிடுங்கள். நீளம் அகலத்தை எல்லாரும் அளக்கிறார்கள், உயரத்தை விட்டுவிடுகிறார்கள். நான் இந்த மடலை எழுதக் காரணமே பாதி இதுதான். மேலே மூடுவது தகரப் பலகை. பேட்டரி கொஞ்சம் உயரமாக இருந்தாலும், இருக்கைக்குப் பின்னால் நீங்கள் போடும் சாமானின் கனத்தில் பலகை வளைந்து முளைகளைத் தொடும். முளையும் தகரமும் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரே நொடியில் பாயும். வலது பக்கப் பெட்டிக்கு ஒட்டினாற்போல் பின்னால் எஸ்யூ பெட்ரோல் பம்ப் இருப்பதையும், அதற்குப் போகும் பெட்ரோல் குழாயையும் நினைத்துக்கொள்ளுங்கள். மூடிய பிறகு முளைக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். பலகையின் அடியில் கெட்டியான ரப்பர் ஷீட் ஒட்டி, முளைகளுக்கு உறையும் போடுங்கள்.

(சாவியைத் திருப்பியதும் அந்த பம்ப் 'டக் டக்' என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் ஓயும். குளிர்காலக் காலையில் அந்தச் சத்தம் சோம்பலாக வந்தால் செல்ஃப் அடிக்காமலேயே சொல்லிவிடலாம், பேட்டரி இறங்கியிருக்கிறது.)

எந்த வகை? தண்ணீர் ஊற்றும் சாதாரண பேட்டரி போதுமானதுதான், கார்பெட்டைத் தூக்கி மட்டம் பார்க்கும் பழக்கம் இருந்தால். ஊற்றுவதானால் சார்ஜ் ஏற்றி முடித்த பிறகு டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். ஆசிட் ஒருபோதும் வேண்டாம். பழக்கம் இல்லாதவர்கள் ஏஜிஎம் வாங்குங்கள். ஆசிட் கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறியிருக்கும், சிந்தாது, சும்மா கிடந்தால் கரைவதும் குறைவு. சிந்திய ஆசிட்தான் இந்த வண்டிகளின் பேட்டரிப் பெட்டிகளைத் துரு தின்ன விட்டதில் பெரும் பங்காளி என்பதால், எனக்கு ஏஜிஎம் பக்கம் சாய்வு உண்டு. ஒன்று மட்டும்: அது இறங்கிப்போனால் டைனமோவை நம்பி ரோட்டில் இறங்காதீர்கள். ஏஜிஎம் கிடைக்கிற கரண்ட்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும், பாவம் சி40 முழு மூச்சில் ஓடிச் சூடாகும். இரவும் மழையும் சேர்ந்தால் ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் எல்லாவற்றுக்குமே அந்த 22 ஆம்பியர் இழுபறிதான். முதலில் சார்ஜரில் நிரப்புங்கள். ஜெல் வகை வேண்டாம், இந்தக் காலத்து ரெகுலேட்டர் இல்லாத வண்டியில் அது தாங்காது.

லித்தியம் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். கனம் குறையும், உண்மை. ஆனால் எம்ஜிபியில் பேட்டரி தரையோடு தாழ்வாக, பின் ஆக்சிலுக்கு முன்னால், இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. அந்தச் சில கிலோவால் வளைவில் உங்களுக்கு ஒன்றும் கிடைக்கப் போவதில்லை. பூச்சியம் டிகிரிக்குக் கீழே அதில் சார்ஜ் ஏற்றக் கூடாது. உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் ஓடும்போது திடீரென்று துண்டித்தால் ஆல்டர்னேட்டருக்கு ஆபத்து. ரேஸ் ஓட்டுபவர் வாங்கட்டும்.

பேட்டரியின் மேல் பெரிதாக அச்சடித்த சிசிஏ எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். அது மைனஸ் 18 டிகிரியில் எவ்வளவு ஆம்பியர் தரும் என்ற கணக்கு. அந்தக் குளிரில் நீங்கள் கூரையில்லாத காரை எடுக்கப் போவதில்லை. இந்த இன்ஜினுக்கு 350, 400 இருந்தால் தாராளம். பெட்டிக்குள் அடங்குகிற அளவில் சிசிஏவைக் கூட்டிக் காட்டத் தகடுகளை மெல்லியதாக்கி எண்ணிக்கையை ஏற்றுவார்கள். மெல்லிய தகடு அடிக்கடி இறங்குவதைத் தாங்காது. எண்ணைவிடத் தயாரித்த தேதியைப் பாருங்கள். கடையிலேயே மீட்டர் வைத்து 12.5-க்குக் கீழே காட்டினால் வேறு எடுக்கச் சொல்லுங்கள். அலமாரியிலேயே பட்டினி கிடந்தது அது.

1967 இலையுதிர்காலம் வரை வந்தவை பாசிட்டிவ் எர்த். பேட்டரிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை, எந்த பேட்டரியும் வைக்கலாம். பிளஸ் முளை மைனஸைவிடத் தடிமன் என்பதால் எர்த் கேபிளின் கிளாம்ப் பெரியதாக இருக்கும். "முதலில் மைனஸைக் கழற்று" என்று எல்லாப் புத்தகத்திலும் படித்திருப்பீர்கள். உங்கள் வண்டிக்கு அது தப்பு. முதலில் கழற்றுவதும் கடைசியில் மாட்டுவதும் எர்த். பாசிட்டிவ் எர்த் வண்டியில் அது பிளஸ். வேறொரு காரிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்யும்போது இரண்டு வண்டியின் பம்பரும் உரசக் கூடாது. அவர் பாடி மைனஸ், உங்கள் பாடி பிளஸ்; உரசினால் முழு ஷார்ட். போன் சார்ஜரையும் சாக்கெட்டில் அப்படியே செருகாதீர்கள். வண்டியை நெகட்டிவ் எர்த்தாக மாற்றுவது உங்கள் இஷ்டம், மாற்றினால் அடுத்தவர் பார்க்கும்படி பானெட்டுக்குள் எழுதி ஒட்டுங்கள். எர்த் எதுவானாலும், சார்ஜ் ஏறும்போது வருவது ஹைட்ரஜன் என்பதால் பலகையைத் திறந்து வைத்தே ஏற்றுங்கள். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது தீப்பிடிக்கும், நீங்கள் உட்காருமிடமோ ஒரு கை தூரம்தான்.

கடைசியாக, பேட்டரியை ஆடாமல் பிடிக்கும் கிளாம்ப். 2018 மே மாதத்திலிருந்து, 40 வயது தாண்டி, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு எம்ஓடி சோதனை கட்டாயமில்லை. கடைசி எம்ஜிபி வெளியே வந்தது 1980 அக்டோபரில், ஆகவே நம் வண்டிகள் எல்லாமே அந்தச் சலுகைக்குள் வந்துவிட்டன. எம்ஓடியில் பேட்டரி ஆடாமல் கட்டியிருக்கிறதா என்று ஒருவர் பார்ப்பார். இப்போது பார்க்க ஆளில்லை. உங்களில் சிலர் வண்டியில் பங்கீ கயிறு கட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன், ஒருவர் பழைய துணியைச் செருகி வைத்திருந்தார். கொக்கி போல்ட்டும் குறுக்குப் பட்டையும் எம்ஜி பாகங்கள் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். அதை மாட்டும்போது பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு, பெட்டியின் அடித்தட்டைத் திருப்புளி முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால், பேட்டரி வாங்கும் பேச்சை ஒத்திவைத்துவிட்டு வெல்டரைப் பாருங்கள். பெட்டித் தகடு தனியாகவே விற்கிறார்கள். பற்றவைத்துப் பெயின்ட் காய்ந்த பிறகு, தண்ணீர் வடிய ஓட்டையுள்ள பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை உள்ளே வைத்து, அதற்குள் பேட்டரியை இறக்குங்கள். தொட்டி வைத்தால் உயரம் கொஞ்சம் கூடும், மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
கவென்ட்ரியிலிருந்து உங்கள் நண்பன்